இரும்பு மாதிரி ஒரு எழுத்து வேண்டும்: எந்த ஃபான்டை எடுப்பது?

“எழுத்து இரும்பு மாதிரி இருக்கோணுங்க தம்பி. பார்த்தா கெட்டியா தெரியோணும், அவ்வளவுதான்.”

கோவைக்கு வெளியே பம்பு செய்கிற ஒரு சிறிய பட்டறையின் முதலாளி சொன்னது இது. புது இடத்துக்கு மாறுகிறார்கள். பழைய போர்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போக அவருக்கு மனமில்லை. வேண்டியிருந்தது நான்கு: 12 அடிக்கு 3 அடியில் முகப்பு போர்டு, பம்பின் உடம்பில் வார்ப்போடு சேர்ந்து வரும் பெயர், அலுமினிய நேம்பிளேட், டீலர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற விலைப்பட்டியல். நான்கிலும் ஒரே எழுத்து. பெயர் ஆங்கிலத்தில், அடியில் தமிழில்.

டிசைன் வேலை பார்க்கிற யாரிடம் இப்படிச் சொன்னாலும் கண்முன் வந்து நிற்பது ஒரே முகம்தான். உயரமாக, ஒடுக்கமாக, தடித்து, முனைகளில் வால் எதுவும் இல்லாத சான்ஸ் செரிஃப். நேர்க்கோடுகள் தூண் மாதிரி இறங்கும். ஓ, சி, ஜி கூட வட்டமாக இல்லாமல் மூலை மழுங்கிய பெட்டி மாதிரி இருக்கும். ஜிம் போஸ்டர், சிமென்ட் விளம்பரம், சினிமா டிரெய்லரில் வரும் தேதி என்று எங்கே பார்த்தாலும் இந்த முகம்தான். இலவசமாகவே பத்துப் பதினைந்து கிடைக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கஷ்டம். தேடித் தேடி ஐந்தை மட்டும் மேசையில் வைத்தேன்: பெபாஸ் நியூ, லீக் காதிக், ஆன்டன், ஆஸ்வால்ட், பார்லோ கன்டென்ஸ்ட்.

முதலில் இந்த எழுத்து ஏன் ஒடுங்கியது என்று பார்த்துவிடலாம், பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. வாலில்லாத ஆங்கில அச்செழுத்து 1816 வாக்கில் லண்டனில், நான்காம் வில்லியம் கேஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில் தலைகாட்டியது. அப்போது பெரிய எழுத்துகள் மட்டும்தான். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தில் வெட்டும் வழியைக் கொண்டுவந்த பிறகு பெரிய பெரிய போஸ்டர்கள் மலிவாயின. தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மாறும். நீளமான சொல்லையும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் கண்ணில் படுகிற உயரத்தில் நிறுத்த வேண்டுமென்றால், எழுத்தை ஒடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. நம்மூரில் சுவரெழுத்து எழுதுகிறவர் நூலடித்து, சாக்பீஸில் கட்டம் போட்டுக்கொண்டு செய்கிற கணக்கும் இதேதான்.

எங்கள் போர்டுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 12 அடி என்றால் 144 அங்குலம். ஓரம் விட்டால் 132 மிச்சம். பெயரில் 14 எழுத்து. ஆக ஓர் எழுத்துக்கு, இடைவெளியும் சேர்த்து, ஒன்பதரை அங்குலத்துக்குள் இடம். ஏரியல் போல்டு போன்ற சாதாரணத் தடித்த எழுத்தை வைத்தால் உயரம் 10 அங்குலத்தோடு நின்றுவிடும். பெபாஸ் நியூவை வைத்தால் 17 வரை போகலாம். ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் என்பது போர்டு தொழிலில் புழங்குகிற ஒரு கைக்கணக்கு. அதன்படி நூறடியில் தெரிகிற பெயர் நூற்றெழுபதடியில் தெரிய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஒடுங்கிய எழுத்துக்குள் இருக்கிற காலி இடம் குறைவு, தூரம் போகப் போக அது மூடிக்கொள்ளும். ஆனாலும் லாபம் லாபம்தான்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: கையில் இருக்கிற ஃபான்டையே கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளில் பக்கவாட்டில் 60 சதவீதத்துக்கு அமுக்கினால் போதாதா? போதாது. அமுக்கும்போது நிற்கிற கோடுகள் மட்டும் மெலியும், படுத்திருக்கிற கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ஆங்கில எச்-ஐ எடுத்து அமுக்கிப் பாருங்கள். கால்கள் இரண்டும் சூம்பிப்போய், நடுச்சட்டம் மட்டும் பருத்திருக்கும். இரும்புக்குப் பதில் நோயாளி மாதிரி இருக்கும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தில் கால்களின் தடிமனை வரைந்தவர் முதலிலேயே தீர்மானித்திருப்பார். நாம் வாங்குவது அந்தத் தீர்மானத்தைத்தான்.

சரி, ஐந்துக்கு வருவோம்.

முதலாளிக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது ஆன்டன். வெர்னன் ஆடம்ஸ் 2011-இல் கொடுத்தது. பழைய விளம்பர எழுத்து ஒன்றை இணையத்துக்காகத் திருத்தி வரைந்தார். தடிமன் ஒன்றே ஒன்றுதான். அதுவே பயங்கரத் தடிமன். ஐந்தையும் ஒரே பக்கத்தில் அச்செடுத்து மேசையில் பரப்பியபோது ஆன்டன் மட்டும் கத்தியது. “இது இதுங்க தம்பி, இதேதான்” என்று விரலை வைத்துவிட்டார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை, அப்போது. யூடியூப் முகப்புப் படத்துக்கோ, தள்ளுபடி விளம்பரத்துக்கோ ஆன்டனைவிட நல்லது சொல்ல மாட்டேன். அரை விநாடியில் படித்துவிட்டுப் போகிற மூன்று சொல்லுக்கு அது போதும்.

லீக் காதிக் ஐந்திலும் ஒடுங்கியது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அதன் பூர்வீகம் 1903. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக் என்ற எழுத்து மூன்று அகலங்களில் வந்தது: முதலாம் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண். தலைப்பு பத்திக்குள் அடங்கவில்லை என்றால் அச்சுக்கோப்பவர் அடுத்த ஒடுக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதில் முதலாம் எண்ணை 2009-இல் லீக் ஆஃப் மூவபிள் டைப் குழு டிஜிட்டலில் மீட்டு இலவசமாகக் கொடுத்தது. அதன் ஸ்மால் எழுத்துகள் உயரமானவை, கேப்பிட்டலோடு தோள் உரசி நிற்கும். தலைப்பு வரி ஒரு சுவர் மாதிரி அடைப்பாக வரும். உலோக அச்சின் வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, வளைவுகளில் ஒரு சின்ன மனிதத்தனம். பெபாஸ் நியூவுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். போஸ்டர், புத்தக அட்டை, பத்திரிகைத் தலைப்பு என்றால் யோசிக்காமல் இதை எடுப்பேன்.

பெபாஸ் நியூவை எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். ஜப்பானில் தர்மா டைப் என்ற பெயரில் வேலை செய்யும் ரியோய்ச்சி சுனேகாவா வரைந்தது. இந்த வடிவம் 2010-இல் வெளியானது. ஐந்தில் மிகத் துப்புரவானது இதுதான். எந்த எழுத்தும் துருத்தாது, எந்த வளைவும் தன்னைக் கவனி என்று சொல்லாது. அளவெடுத்து வெட்டிய தகடு மாதிரி. பெயரை மட்டும் எழுதுவதென்றால் இன்றைக்கும் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இதில் ஸ்மால் எழுத்தே கிடையாது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் கேப்பிட்டல்தான் வரும். காசு கொடுத்து வாங்கும் புரோ வடிவத்தில் ஸ்மால் உண்டு, இலவச வடிவத்தில் இல்லை. இது எங்கே கழுத்தைப் பிடித்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஆஸ்வால்டும் ஆடம்ஸ் கொடுத்ததுதான், அதுவும் 2011. அதே ஆல்டர்னேட் காதிக் பாணியை இணையத் திரைக்கு ஏற்ற மாதிரித் திருத்தியது. ஆறு தடிமன் இருக்கிறது, சாய்வெழுத்து இல்லை. மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம். செய்தித் தளங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம், ஆனால் வேலைக்காரன். போனில் தலைப்பு படிக்க வேண்டுமென்றால் லீக் காதிக்கைவிட இது நன்றாகத் தெரியும்.

பார்லோ கன்டென்ஸ்ட் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. ஜெரமி ட்ரிபி 2017-இல் வெளியிட்டது. கலிஃபோர்னியாவின் வண்டி நம்பர் பிளேட், நெடுஞ்சாலைப் பலகை, பஸ், ரயில் இவற்றின் எழுத்துகளோடு உறவு கொண்டாடுகிறது. பெரிய குடும்பம்: மூன்று அகலம், ஒவ்வொன்றிலும் ஒன்பது தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வு. ஒடுங்கிய அகலமான கன்டென்ஸ்டில் மட்டும் 18 கோப்புகள். மூலைகள் லேசாக மழுங்கியவை. மேசையில் மற்ற நான்கின் பக்கத்தில் வைத்தால் சாதுவாகத் தெரியும். முதலாளி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிகாகோ நகரத்தின் டிசைன் முறைமைக்காக பாட்ரிக் கிங் வரைந்த பிக் ஷோல்டர்ஸையும் எடுத்துப் பார்த்தேன். அழகு. ஆனால் அந்த அழகு தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது, பம்பைப் பற்றிப் பேசவில்லை. ஒதுக்கிவிட்டேன்.

இம்பாக்ட்? விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பையன் ஒருவன் கேட்டான். எஃகுத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற அச்செழுத்து வார்ப்புக்கூடத்துக்காக ஜெஃப்ரி லீ வரைந்து 1965-இல் வந்த எழுத்து அது. இரும்பு ஊரில் பிறந்த எழுத்து என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மீம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த முகத்தைக் கண்டால் சிரிப்புதான் வரும். அதை யாராலும் மாற்ற முடியாது.

ஜெர்மன்காரர்களின் டின் எழுத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. டின் 1451 என்பது அந்த நாட்டுத் தர நிர்ணயம், 1930-களில் வந்தது. பொறியியல் வரைபடமும் சாலைப் பலகையும் அதில்தான். அதன் ஒடுங்கிய வடிவத்துக்கு எங்ஷ்ரிஃப்ட் என்று பெயர். 1995-இல் ஆல்பர்ட்-யான் போல் அதைத் திருத்தி வரைந்த எஃப்எஃப் டின் உலகப் புகழ் பெற்றது, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம்கூட அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. உரிமத்துக்குக் காசு உண்டு. காசில்லாமல் அந்த முகம் வேண்டுமென்றால் விண்டோஸ் 10-ஓடு வருகிற பான்ஷ்ரிஃப்ட் இருக்கிறது, அதுவும் டின் 1451 வழிதான், ஒடுங்கிய வடிவமும் உண்டு. அச்சுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இணையதளத்தில் ஏற்றவோ, கோப்பை நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவோ முடியாது. இம்பாக்டுக்கும் அதே கதை. நான் மேசையில் வைத்த ஐந்தும் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை: வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், இணையத்தில் ஏற்றலாம், போர்டு கடைக்காரருக்கு அனுப்பலாம், ஃபான்டைத் தனியாக விற்கத்தான் கூடாது. இத்தனை கை மாறுகிற வேலையில் அது பெரிய நிம்மதி.

இப்போது வார்ப்புக்கு வருகிறேன். என் மனதை மாற்றியது அங்கேதான்.

ஆன்டனில் பெயரை எழுதி, பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கிற மாதிரி உரு, செய்கிறவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பம்பின் உடம்பில் பெயர் புடைப்பாக வர வேண்டும். எழுத்து உயரம் 20 மில்லிமீட்டர். வாங்கிப் பார்த்தவர் ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓ எழுத்தின் நடுவில் இருக்கிற கீற்றுமேல் நகத்தை வைத்தார். “இங்க மண்ணு நிக்காதுங்க.”

யோசித்துப் பார்த்தால் எளிமையான விஷயம். வார்ப்பில் எழுத்து புடைப்பாக வர வேண்டுமென்றால், மண் அச்சில் அதே இடம் பள்ளமாக இருக்க வேண்டும். ஓ-வின் நடு ஓட்டை அந்தப் பள்ளத்துக்குள் தனியாக எழுந்து நிற்கிற ஒரு மண் சுவர். ஆன்டனில் அந்த ஓட்டை ஒரு கீற்றுதான், 20 மில்லிமீட்டர் எழுத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. பேட்டர்னை மேலே தூக்கும்போது அந்த மெல்லிய மண் சுவர் கூடவே பிய்ந்து வந்துவிடும். ஊற்றினால் ஓ அடைத்துக்கொண்டு ஒரு கட்டியாக வரும். ஏ, பி, ஆர், எட்டு எல்லாவற்றுக்கும் அதே கதி. போதாததற்குச் சுவர்கள் சாய்வாக, டேப்பராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டர்ன் மண்ணிலிருந்து சுத்தமாக விடாது. எழுத்தின் அடிப்பக்கம் அகலும், அதனால் ஓட்டை இன்னும் சுருங்கும்.

அவரே ஒரு பழைய மோட்டார் மூடியை எடுத்துக் காட்டினார். எழுத்து ஒன்றும் அப்படித் தடிமனாக இல்லை. நடுத்தரத் தடிமன், எழுத்துகளுக்கு நடுவில் தாராளமாக இடம், ஓட்டைகள் விரிந்து திறந்திருந்தன. ஆனால் பார்த்தால் இரும்பு. அது நிஜமாகவே இரும்பு என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்து ஐந்து ஃபான்டையும் தலைகீழாகப் பார்க்க ஆரம்பித்தேன். கறுப்பை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் பார்த்தேன். கம்ப்யூட்டரில் எழுத்தை வெள்ளையாக்கி, அதன் வயிற்றுக்குள் இருக்கிற காலி இடத்துக்கு மட்டும் நிறம் கொடுத்தால் நன்றாகப் புரியும். ஆன்டனில் ஊசிகள் நிற்கும். லீக் காதிக்கிலும் ஏறத்தாழ ஊசிதான், கொஞ்சம் பருமனான ஊசி. பெபாஸ் நியூவில் விரல் மாதிரி. ஆஸ்வால்ட் போல்டிலும் விரல்தான். பார்லோ கன்டென்ஸ்டின் நடுத்தரத் தடிமனான மீடியத்தில் கதவு மாதிரி திறந்திருக்கும். தூரத்தில் போர்டு படிக்கிற கண்ணுக்கும், மண் அச்சுக்கும், மலிவான பிரின்டருக்கும் தேவைப்படுவது அந்தக் காலி இடம்தான். சாதாரணமாக ஃபான்ட் பார்க்கிறபோது நாம் அதைப் பார்ப்பதே இல்லை.

ஆன்டன் அத்தோடு வெளியே. லீக் காதிக்கும் கூடவே போனது, வருத்தத்தோடுதான். அடுத்து நேம்பிளேட்.

பெபாஸ் நியூவின் கழுத்துப்பிடி இங்கே. பம்பு நேம்பிளேட்டில் என்ன இருக்கும்? 5 எச்பி, அதற்குச் சமமாக 3.7 கிலோவாட். 50 ஹெர்ட்ஸ். குழாயின் அளவு மில்லிமீட்டரில். தண்ணீர் ஏறும் உயரம் மீட்டரில். கிலோவாட் குறியீட்டில் கே ஸ்மால், டபிள்யூ கேப்பிட்டல். ஹெர்ட்ஸில் எச் கேப்பிட்டல், இசட் ஸ்மால். மில்லிமீட்டர் இரண்டு ஸ்மால் எம். கேப்பிட்டல் எம் போட்டால் அளவை முறைப்படி அது மெகா, அதாவது பத்து லட்சம் மடங்கு. பெபாஸ் நியூவில் இதையெல்லாம் எழுத வழியே இல்லை, எல்லாம் கேப்பிட்டலாக வந்து நிற்கும். நம்மூரில் யாரும் 50 மெகாமீட்டர் குழாய் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் டெண்டருக்கு அனுப்புகிற சரக்கில் குறியீடு தப்பாக இருந்தால் ஒரு இன்ஜினீயராவது புருவத்தை உயர்த்துவார். நேம்பிளேட்டுக்கு மட்டும் வேறு ஃபான்ட் வைத்துக்கொள்ளலாமே என்றால், ஒரே எழுத்து என்று ஆரம்பித்ததற்கு அர்த்தமில்லை.

எண்களும் இருக்கின்றன. ஒடுங்கிய தடித்த எழுத்தில் 3, 6, 8, 9 நான்கும் பங்காளிகள். பூஜ்யமும் ஓவும் அச்சாக ஒன்று போலவே வந்துவிடும். சீரியல் நம்பரில் எழுத்தும் எண்ணும் கலந்து வந்தால் சர்வீஸ் ஆள் போனில் ஒன்று சொல்வார், ஆபீஸில் வேறொன்று எழுதுவார்கள். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் லேசரில் பொறித்து ஐந்து ஃபான்டையும் சோதித்தோம். ஆன்டனில் 8 ஒரு கறுப்புச் செங்கல். ஆஸ்வால்ட் மீடியம் பரவாயில்லை. பார்லோ கன்டென்ஸ்ட் செமிபோல்டை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலாளியே படித்தார். நம்பர் பிளேட்டோடு உறவு கொண்டாடுகிற எழுத்து, அந்த வேலையைச் சரியாகத்தான் செய்தது. விலைப்பட்டியலிலும் அதே கதை. நாற்பது வரி, ஆறு பத்தி, போன் திரையில் பெரிதாக்காமல் படிக்க வேண்டும். ஒன்பது தடிமன் இருந்ததால் தலைப்புக்கு ஒன்று, மாடல் பெயருக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. ஆஸ்வால்டிலும் செய்யலாம், ஆனால் சிறிய அளவில் வரிகள் நெரிசலாகத் தெரியும்.

இனி தமிழ். உண்மையான தலைவலி.

ஆங்கிலத்துக்கு இருநூறு வருட ஒடுக்கப் பழக்கம் இருக்கிறது. தமிழ் எழுத்தோ பக்கவாட்டில் கையை வீசி நடக்கிற சாதி. ‘பட்டறை’ என்று அடித்துப் பாருங்கள்: ப, ட் , ட எல்லாம் நேர்க்கோடு, சதுரம். எவ்வளவு ஒடுக்கினாலும் நிற்கும், தகரம் மடித்த மாதிரி கம்பீரமாக இருக்கும். அதே ஃபான்டில் ‘எண்ணெய்’ என்று அடியுங்கள். இரண்டு ண, ஒவ்வொன்றிலும் சுழி மேல் சுழி. தடிமனையும் ஏற்றி அகலத்தையும் குறைத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டிய மாதிரி ஆகிவிடும். இது தவிரக் கொம்பும் காலும். ‘மோ’ என்ற ஓர் எழுத்து மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, னை எல்லாம் தலையில் தும்பிக்கை வைத்து ஒரே எழுத்தின் அகலத்தில் அடங்கின. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் அதைப் பிரித்தது நல்லதுதான். போர்டு அகலத்தோடு மல்லுக்கட்டுகிற நாளில் மட்டும் அந்தத் தும்பிக்கை ஞாபகம் வருகிறது.

தேர்வுகளும் குறைவு. யூனிகோடில், ஒடுக்கமாகவே வரையப்பட்டு, இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தவை இரண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் அகலத்தில் 62.5 சதவீதம் வரை இறங்கும், தடிமன் 100 முதல் 900 வரை (எண் ஏற ஏற எழுத்து தடிக்கும்). மும்பையின் எக் டைப் வெளியிட்ட அனெக் தமிழ் 75 முதல் 125 வரை அகலம் மாறும், தடிமன் 100 முதல் 800 வரை. கணக்குப்படி நோட்டோதான் ஒடுக்கம். ஆனால் அதன் சுபாவம் அரசாங்க அறிவிப்பு, எதையும் எழுதலாம், எதுவும் அதன் முகத்தில் தெரியாது. அனெக்கின் வளைவுகள் இழுத்துக் கட்டியவை, நேர்க்கோடுகள் உறுதியானவை, ஒடுங்கிய தடித்த நிலையில் அதற்குத் தொழிற்கூடத்துக் குரல் வருகிறது. 75-இலேயே நிறுத்தி, தடிமனை 700-இல் வைத்தேன். 800 வரை போனபோது ண அடைக்க ஆரம்பித்தது.

இதிலும் ஆன்டனோடு ஜோடி சேர்க்க எந்தத் தமிழ் எழுத்தும் ஒத்து வரவில்லை. ஆங்கிலம் அவ்வளவு கறுப்பாக மேலே உட்கார்ந்தால் கீழே தமிழ் வேலைக்காரன் மாதிரி ஒடுங்கி நிற்கிறது. பார்லோ கன்டென்ஸ்ட் போல்டுக்கும் அனெக்குக்கும் கறுப்பு ஏறத்தாழச் சமமாக வந்தது. சேர்த்து வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலக் கேப்பிட்டலுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. தமிழுக்கு மேலே புள்ளி, இகர விசிறி, கீழே உகரச் சுழி. எங்கள் 36 அங்குல உயரத்தில் தமிழ் எழுத்தின் உடம்புக்கு ஏழு அங்குலம் கொடுத்தால், மேலும் கீழும் சேர்த்து மொத்தம் பத்து போய்விடும். அதை முதலிலேயே ஒதுக்காமல் ஆங்கிலத்தை 17 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டுப் பிறகு தமிழைத் திணித்தால் நம்மூர் போர்டுகளில் பாதி இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

பார்லோ கன்டென்ஸ்ட், பெபாஸ் நியூவைவிட அகலம். அதே 132 அங்குலத்தில் உயரம் 14 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. முதலாளியிடம் இதை மறைக்கவில்லை. கடைக்காரர் கட்டிங் எழுத்துக்கு உயரத்தின் அங்குலக் கணக்கில்தான் காசு வாங்குகிறார் என்பதால் செலவும் குறைந்தது, அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஏ4 தாளில் பார்க்காமல், இரண்டு ஃபான்டிலும் பெயரின் முதல் ஐந்து எழுத்தை நிஜ உயரத்தில் அச்செடுத்து, எதிர்ப்புறம் டீக்கடை வாசலிலிருந்து பார்க்கச் சொன்னேன். 17 அங்குல பெபாஸும் 14 அங்குல பார்லோவும் படிப்பதற்குச் சமம்தான். சாயங்கால வெளிச்சத்தில் பார்லோ ஒரு படி மேல். எழுத்துகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் கூட்டியிருந்தேன், அது உதவியது.

போர்டு இல்லாமல், வார்ப்பு இல்லாமல், வெறும் பெயரும் ஒரு போஸ்டரும் என்று வந்திருந்தால் என் பதில் வேறு. லீக் காதிக்கை எடுத்திருப்பேன். செய்தித் தளம் என்றால் ஆஸ்வால்ட். ஐந்தாறு எழுத்தில் ஒரு பிராண்ட் பெயர், வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றால் பெபாஸ் நியூ. இந்த வேலைக்கு வார்ப்பில் பார்லோ மீடியம், நேம்பிளேட்டில் செமிபோல்டு, முகப்பில் போல்டு.

கடைக்கு அனுப்பும்போது எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள், குறிப்பாகத் தமிழை. பழைய கோரல் பதிப்பு வைத்திருக்கிற கடைகளில் யூனிகோடுத் தமிழ் திறந்தவுடன் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடிவிடும். நானும் அப்படித்தான் அனுப்பினேன். போர்டு சரியாக வந்தது.

திறப்பு விழா அன்று வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். கடைசி நேரத்தில் வேறு கடையில் அடித்தது. பெயரை எடுத்து, பேனரின் அகலத்துக்கு நிரப்பப் பக்கவாட்டில் நன்றாக இழுத்துவிட்டிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் குண்டா இருக்குதுங்களே தம்பி, நல்லாத்தானே இருக்குது?” என்றார். கையில் கேசரித் தட்டு இருந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.